சிஸ்டரும் துணி ரூமும்

"கரண்டி" என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையைப் பின்பக்கம் நீட்டுகிறாள். கரண்டியின் காம்பு அந்த உள்ளங்கையில் பட்டென்று வந்து விழ வேண்டும். மெதுவாக வைத்தால் பிடிக்காது. தலைப்பக்கத்தை நீட்டினால் அதைவிடப் பிடிக்காது. இருபத்தாறு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களின் கையில் கத்தரியும் இடுக்கியுமாக எடுத்துக் கொடுத்தவள், வீட்டுக்கு வந்ததும் தானே கையை நீட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.

எடுத்துக் கொடுப்பவர் அவள் புருஷன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கல்யாணமான புதிதில் கேலிக்காக "சிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். இப்போது வாயில் வேறு பெயர் வருவதில்லை. முதல் தடவை கேட்கிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "பயப்படாதீங்க, பொண்டாட்டியத்தான் கூப்பிடறேன்" என்று அவரே விளக்கம் சொல்லிவிடுவார். மாமியார், கொழுந்தன், தெருக்காரர்கள், பால் ஊற்றுகிறவர் என்று எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான்.

எதையும் எண்ணாமல் விடமாட்டாள். சாப்பிட்டு எழுந்ததும் ஸ்பூன்களை எண்ணுவாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பைகளை எண்ணுவாள். விருந்தாளிகள் கிளம்பிப் போனதும், யாரோ மடியில் மறைத்து எடுத்துப் போய்விட்டதுபோல நாற்காலிகளை எண்ணுவாள். ஒரு பொருளைக் காணோம் என்றால் "தொலைஞ்சுடுச்சு" என்ற சொல் அவள் வாயில் வராது. "எண்ணிக்கை சேரல" என்பாள். இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால் போச்சு. "எப்படி ஒண்ணாகும்? தொலைஞ்சுடுச்சுன்னா விஷயம் முடிஞ்சுபோச்சு. சேரலைன்னா இன்னும் தேடணும்னு அர்த்தம்."

இப்படிப்பட்டவள் தன் வீட்டிலேயே ஓர் அறையை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தாள். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் இருக்கிற அறை. வீட்டில் அதற்குப் பெயர் துணி ரூம். ஆறடிக்கு ஒன்பதடி. காலை ஆறு மணிக்கெல்லாம் டியூட்டிக்குக் கிளம்புகிறவளுக்கு அங்கே என்ன வேலை? மாலையில் வந்ததும் யூனிஃபார்மைச் சுருட்டி, வாசலில் நின்றபடியே உள்ளே எறிவாள். இரண்டு நாளில் அது துவைத்து, தேய்த்து, மடித்துக் கட்டிலுக்கு வந்துவிடும். நடுவில் அதற்கு என்ன நேர்கிறது என்று அவள் யோசித்ததில்லை.

நடுவில் இருந்தது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். ஆள் குள்ளம், குரலும் சின்னது. சிஸ்டரின் பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்க, கல்யாணமாகி வந்த மூன்று வருஷமாக வீட்டில் மிஞ்சிய ஐந்து பேர் துணியும் அவள் தலையில்தான். துவைப்பது அவள் வேலை என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த அறையில் துணி துவைப்பது என்பது சந்தைக்கூட்டத்தில் பாய் விரித்துப் படுப்பதுபோல. வீட்டில் இடம் கிடைக்காத சாமான் எல்லாம் அங்கேதான் அடைக்கலம். கம்பி உடைந்த குடைகள், அடியில் பெயிண்ட் காய்ந்துபோன டப்பாக்கள், சக்கரம் இல்லாத சூட்கேஸ், ஓட்டை வாளி, அந்த ஓட்டை வாளிக்குள் இன்னொரு ஓட்டை வாளி. மெஷினுக்கு மேலே பின்பலகை இல்லாத ஓர் அலமாரி. கதவைத் திறந்தால் ஈரத் துணியை நாலு நாள் பைக்குள் கட்டி வைத்தமாதிரி ஒரு வாடை.

வாடைக்கும் சின்னவள்தான் காரணம் என்று பேச்சு. சாக்ஸ் ஜோடி பிரிந்தால் சின்னவள். தலையணை உறையைக் காணோமா, சின்னவள். "அவ கை அப்படி. ராசியில்லாத கை" என்று மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வாள். கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்வாள். அதனால்தானோ என்னவோ, அது வீட்டில் ஒரு உண்மைபோல ஊறிப்போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை விஷயம் முற்றிவிட்டது.

கொழுந்தனுக்குப் பெரிய ஹோட்டலில் வேலை. மேசைக்கு மேசை போய் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிற கேப்டன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கறுப்பு போ டை. அன்றைக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தான். கோட்டின் தோளிலிருந்து நெஞ்சுவரை பழுப்பாக ஒரு கோடு. மேனேஜர் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, சுத்தமாக வருவதாக இருந்தால் வா என்று அனுப்பிவிட்டாராம். கோட்டைக் கழற்றிச் சின்னவள் மேல் விட்டெறிந்தான்.

"ஹோட்டல்ல திருப்பி அனுப்பறது இது மூணாவது தடவை! உன் கை பட்டாலே கறைதான். வெளிய தல காட்ட முடியல."

அன்று சிஸ்டருக்கு மதிய டியூட்டி; வீட்டில்தான் இருந்தாள். சின்னவள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. கோட்டை எடுத்து மடித்தாள். கொழுந்தன் தடதடவென்று மாடி ஏறிப் போனபிறகு சிஸ்டரிடம் வந்து, இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரியில எவ்வளவோ பாத்திருப்பீங்க. நிஜமாவே என் கையில ஏதாவது இருக்கா? சிலருக்கு வேர்வையில ஏதோ இருக்கும்ங்கறாங்களே..."

அவள் உண்மையாகவே கேட்டாள். கிண்டலோ கோபமோ அதில் இல்லை. சோப்பில் ஊறி நுனி சுருங்கிய அந்தப் பத்து விரல்களையும் சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். ஆறு மாதம் முன்னால் தன் யூனிஃபார்ம் பெல்ட்டைக் காணோம் என்றபோது தானும் துணி ரூம் வாசலில் நின்று "எண்ணிக்கை சேரல" என்று இவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. சொன்னாள், ஆனால் தேடவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போனதும் இரண்டு நாள் விடுப்பு கேட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவளாகக் கேட்டு வாங்கிய விடுப்பு, இரண்டு பிரசவம், ஒரு மஞ்சள் காமாலை. அவ்வளவுதான். மேட்ரன் பதறிப்போனார்.

"வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒரு ரூமுக்கு ஒடம்பு சரியில்ல மேடம்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். அழுக்கு அறைக்குள் போகிறவள் எதற்குக் கை கழுவுகிறாள் என்று புருஷனுக்குச் சிரிப்பு. கேட்கவில்லை. அனுபவம்.

முதல் வேலையாகச் சின்னவளை ஸ்டூலில் உட்காரவைத்தாள். "இந்த மூணு வருஷத்துல எதெதெல்லாம் காணோம்னு உன் மேல பழி வந்துச்சு? சொல்லு."

சின்னவள் யோசிக்கவே இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது. "அவரோட கறுப்பு சாக்ஸ் நாலு. உங்க வீட்டுக்காரரோட கைக்குட்டை ரெண்டு. பேட்ஜு. அவரோட போ டை ஒண்ணு. மஞ்சள் தலகாணி உறை. அத்தையோட பச்சைத் துண்டு." அங்கே நிறுத்தினாள்.

"பத்துதான் ஆச்சு. பதினொண்ணாவது என் பெல்ட்டு. அதையும் சொல்லு."

"அது... உங்க பெல்ட்டு."

சிஸ்டர் அதைச் சாக்பீஸால் சுவரில் எழுதினாள். கீழே '11' என்று போட்டு வட்டமிட்டாள். அறையில் இருந்ததையெல்லாம் முற்றத்துக்கு எடுத்துப்போனார்கள். வைத்துக்கொள்வது ஒரு பாயில், தூக்கிப்போடுவது இன்னொரு பாயில். தூக்கிப்போடும் பாய்க்குப் பக்கத்தில் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த டப்பா நல்லாத்தானே இருக்கு?"

"மூடி இல்ல அத்தை."

"மூடி எங்கயாவது இருக்கும்."

"அந்த மூடிக்கு டப்பா இருக்காது அத்தை. ரெண்டும் எப்பவோ பிரிஞ்சு போச்சு."

பதினோரு மணிக்கு டீ குடிக்க உட்கார்ந்தபோது சிஸ்டர் தூக்கிப்போடும் பாயைப் பார்த்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "வெளிய வந்தது முப்பத்திரண்டு. இருக்கறது இருபத்தாறு. எண்ணிக்கை சேரல." எல்லோரும் மாமியாரைப் பார்க்க, மாமியார் முருங்கை மரத்தைப் பார்த்தாள். முற்றத்திலிருந்து அவள் அறைக்கு ஒரு பக்கவாட்டுக் கதவு இருக்கிறது. சிஸ்டர் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஆறும் இருந்தன. அதற்கும் பின்னால் எப்போதோ பதுக்கிய ஒரு மூட்டை. உள்ளே காலி டப்பாக்கள், ஒன்றோடொன்று உரசாமல் பதமாகச் சுற்றப்பட்டிருந்தன. ஒரு பச்சைத் துண்டால்.

துண்டைக் கொண்டுவந்து கொடியில் விரித்துப் போட்டாள். சுவரில் பச்சைத் துண்டுக்கு நேரே ஒரு கோடு அடித்தாள். மாமியார் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்து, "ஏதோ ஞாபக மறதி" என்றாள். அதற்கப்புறம் நாற்காலியைத் தூக்கிப்போடும் பாயிலிருந்து நாலடி தள்ளியே போட்டுக்கொண்டாள். பாவம், வயதானவள் முகம் சுண்டிப்போக வேண்டாம் என்று சிஸ்டர் அலமாரியில் கடைசித் தட்டை அவளுக்கென்று விட்டாள். "இதுல அடங்கற வரைக்கும் உங்க இஷ்டம் அத்தை. யாரும் கை வைக்கமாட்டாங்க." மாமியார் மத்தியானம் முழுக்க டப்பாவுக்குள் டப்பா போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதினாலு அடங்கியது.

மெஷினை நகர்த்துவதுதான் பெரிய வேலை. கொழுந்தன் அன்று வேறு கோட்டு இரவல் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். புருஷனும் சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் அது ஒரு முனகலோடு நகர்ந்தது. பின்னால், சாம்பல் நிறத்தில் பூனை மாதிரி ஒரு பஞ்சு உருண்டை. சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. மெஷினுக்குப் போகிற குழாயின் கழுத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வருஷ வாடைக்கு அங்கேதான் ஊற்று. பூனையைப் பிரித்தால் சாக்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கைக்குட்டைகள், போ டை, பேட்ஜ். கடைசியாகப் பாம்புபோலச் சுருண்டு பெல்ட்.

பின்பலகை இல்லாத அலமாரியில் மடித்து வைத்த துணி, மெஷின் வேகமாகச் சுற்றும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து பின்பக்கம் நழுவியிருக்கிறது. அவ்வளவுதான் மர்மம். மஞ்சள் தலையணை உறை மட்டும் பாக்கி. சிஸ்டர் மடித்துவைத்த போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உதறினாள். ரப்பர் நாடா வைத்த மெத்தை விரிப்பு ஒன்றின் மூலைக்குள் மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

"பதினொண்ணு!" என்றார் புருஷன், தானே ஆபரேஷன் செய்ததுபோல.

"சேர்ந்துடுச்சு" என்றாள் சிஸ்டர். சாக்பீஸைச் சின்னவளிடம் கொடுத்தாள். "கடைசிக் கோட்ட நீ போடு." சின்னவள் எம்பிப் போட்டாள். கோடு நேராக வரவில்லை.

ஆனால் கறை பாக்கி இருந்தது. அதுதான் பெரிய பழி. மத்தியானம் முழுக்கச் சுவரைத் தேய்த்தார்கள். குழாய்க்குப் புது வாஷர் போட்டார்கள். மெஷின் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் விரலை விட்டுத் துடைத்தபோது கறுப்பாகக் கூழ் வந்தது. "இது தெரியாம இத்தன நாள் இதுலயா துவைச்சோம்" என்று சின்னவள் முகத்தைச் சுளித்தாள். சிஸ்டர் அந்தக் கூழைக் கறை என்று ஒத்துக்கொள்ளவில்லை. கறையின் நிறம் கறுப்பு இல்லை, பழுப்பு.

சாயங்காலம் தன் பையிலிருந்து வெள்ளைக் கட்டுத்துணியை எடுத்து, ஐந்து துண்டாகக் கத்தரித்தாள். ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஒன்றைச் சோப்புத்தூள் கரைசலில். ஒன்றை மெஷினில் தனியாக ஒரு சுற்று ஓடவிட்டு எடுத்தாள். நாலாவதை நனைத்து, சுவருக்குச் சுவர் குறுக்கே மாட்டியிருந்த உலர்த்தும் கம்பியில் போட்டாள். வெயில் பட்டால் மஞ்சளிக்கும் என்று கொழுந்தன் கோட்டை எப்போதும் அந்தக் கம்பியில்தான் காயப்போடச் சொல்வான்.

ஐந்தாவதை நனைத்துச் சின்னவள் கையில் கொடுத்தாள்.

"இறுக்கிப் பிடிச்சுக்க. ஒரு மணி நேரம் விடக்கூடாது."

சின்னவள் அதை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மாமியார் கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. குக்கர் கத்தியது, எழுந்திருக்கவில்லை. சிஸ்டரின் புருஷன் போய் அடுப்பை அணைத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கையைத் திறக்கவும் அவளுக்குப் பயம். "நீங்களே எடுத்துக்குங்க அக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலைல எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கலாம்" என்று சிஸ்டர் அதைப் பார்க்காமலே மடித்து ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் எல்லோரையும் துணி ரூமுக்கு வரச் சொன்னாள். மாமியார் நாற்காலியோடு வந்தாள். கொழுந்தன் பல்லில் பிரஷ்ஷோடு வந்தான். வெள்ளையடித்தமாதிரி தேய்த்து வைத்த சுவரில் ஐந்து துண்டும் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் புருஷனின் கையெழுத்தில், கடைப் பலகைபோலக் கொட்டை எழுத்து. தண்ணீர். சோப்பு. மெஷின். கம்பி. ஐந்தாவதன் கீழே: சின்னவள் கை.

நாலு துண்டு பால்வெள்ளை. கம்பி என்று எழுதியிருந்த ஒன்றில் மட்டும், நடுவில் விரல் தடிமனுக்குப் பழுப்புக் கோடு.

கொழுந்தன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

"ஸ்டூல்ல ஏறிப் பாருங்க" என்றாள் சிஸ்டர். கீழே நின்று பார்த்தால் கம்பி வெள்ளி நிறத்தில் பளபளவென்றுதான் இருந்தது. ஏறிப் பார்த்தால் மேல்பக்கம், துணி உட்கார்கிற இடம் பூராவும் பெயிண்ட் உரிந்து துரு. சின்னவள் உயரத்துக்கு அது தெரிய வழியே இல்லை. கீழே நின்று எம்பி எம்பித்தான் துணியைப் போடுவாள். வாரா வாரம் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்து அவள் கறையை எடுப்பதும், கம்பி அதைத் திரும்பப் போடுவதுமாக இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

"இந்தக் கம்பிய யாரு மாட்டுனது?" என்று மாமியார் கேட்டாள். கேட்டபிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. கொழுந்தன் கல்யாணமான புதிதில் எங்கிருந்தோ பழைய இரும்புக் குழாயைத் தூக்கிவந்து, தானே வெள்ளி பெயிண்ட் அடித்து, தானே சுவரில் ஓட்டை போட்டு மாட்டியது அது. அன்றைக்கு அதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான்.

கொழுந்தன் ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"அண்ணி, நான்..." என்று ஆரம்பித்தான் கொழுந்தன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள் சிஸ்டர். "தியேட்டர்ல ஒரு பஞ்சு குறைஞ்சா, யாரு தொலைச்சதுன்னு கேக்கமாட்டோம். கேக்க நேரம் கிடையாது. தேடுவோம். கிடைச்சாதான் தையல் போடுவாங்க. இங்க நாம மூணு வருஷமா தேடாமலே தையல் போட்டுட்டோம். நானும் சேர்த்துத்தான்."

கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கோட்டை எடுத்து நீட்டினாள். நேற்றுச் சாயங்காலம் எலுமிச்சம்பழம் தேய்த்து, கம்பியில் சோதனைத் துண்டு கிடந்ததால் முதல்முறையாக ஹேங்கரில் காயவைத்தது. மருந்துக்குக்கூட ஒரு பழுப்பு இல்லை. அவன் அதை வாங்கி மாட்டிக்கொள்ளவில்லை. ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, ஸ்பேனரைத் தேடி எடுத்துவந்து, வாயோரம் நுரை காயக் காய அந்தக் கம்பியைக் கழற்றினான். கழற்றியதைத் தூக்கிப்போடும் பாயில் தானே கொண்டுபோய் வைத்தான். மாமியார் அதை நல்லாத்தானே இருக்கு என்று சொல்லவில்லை.

வேலை முடிந்து வரும்போது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். சின்னவள் முன்னால் நின்று, "எங்க மாட்டணும், நீ சொல்லு" என்றான்.

அவள் சுவரைப் பார்த்தாள். கையைத் தூக்கித் தனக்கு எட்டும் உயரத்தை அளந்தாள்.

"கீழ. இன்னும் கீழ. எனக்கு எட்டணும். நீங்க குனிஞ்சு போய்க்கலாம்."

குனிந்துதான் போகிறான். முதல் வாரத்தில் நாலு தடவை நெற்றியில் இடித்துக்கொண்டான். ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை.

இப்போது துணி ரூமைப் பார்க்கத் தெருவிலிருந்து ஆள் வருகிறது. அலமாரிக்குப் பின்பலகை அடித்தாகிவிட்டது. வெள்ளைக்கு ஒரு கூடை, சாயம் போகிறதுக்கு ஒரு கூடை, விரிப்புகளுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் கொட்டை எழுத்து. ஜன்னலை அடைத்திருந்த சூட்கேஸ் போனபிறகு காலையில் மெஷின்மேல் வெயில் வந்து உட்கார்கிறது. வருகிறவர்கள் சிஸ்டரைப் பாராட்டினால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, இன்சார்ஜ் அவதான். அவளக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுகிறாள். இன்சார்ஜும் லேசுப்பட்டவள் இல்லை. குரல் கொஞ்சம் ஏறியிருக்கிறது. யாரும் வாசலில் நின்று துணியை எறியக்கூடாது. உள்ளே வந்து, பாக்கெட்டைக் காலி செய்து, தன் கையால் கூடையில் போட வேண்டும். மாமியார் உள்பட.

போன வாரம் ஒரு நாள் சிஸ்டருக்குத் தியேட்டரில் அடுத்தடுத்து மூன்று ஆபரேஷன். நின்று நின்று கால் வீங்கிப்போய் வீடு வந்தவள், யூனிஃபார்மை மாற்றிச் சுருட்டிக் கொண்டுபோய், கூடையைப் பார்த்து நேரே நடந்தாள். மடித்துக்கொண்டிருந்த சின்னவள் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் குறுக்கே நீட்டினாள்.

"பாக்கெட்டு."

பெரிய பெரிய டாக்டர்களையே "இருங்க, இன்னும் எண்ணி முடிக்கல" என்று நிறுத்திவைக்கிறவள், சுருட்டிய துணியைப் பிரித்தாள். ஒரு பேனா மூடி, ரெண்டு சேஃப்டி பின், பாதி தின்ற மிட்டாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேல் வைத்தாள். பிறகு இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, சரிதானா என்று பார்க்கும்படி யூனிஃபார்மை உயரப் பிடித்துக் காட்டினாள்.